நிறுத்தி வைக்கும் பொத்தான்

நாற்பது தாண்டியவன் வீடியோ கேம் பெட்டி வாங்கினால் கடைக்காரப் பெண்ணுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரம்பானில் அன்றைக்கு அவளும் சிரித்தாள். பிள்ளைக்கா அங்கிள் என்று கேட்டாள். தங்கச்சிக்கு என்றேன். அது பொய் இல்லை, மோகனா மேடம். நீங்கள் இன்ஸ்பெக்டர், எதை வேண்டுமானாலும் சந்தேகப்படலாம். அதை மட்டும் சந்தேகப்படாதீர்கள்.

உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. இந்த அறையில் குளிர் அதிகம். சுடுதண்ணீர் ஏதாவது குடித்துவிட்டு வந்து எழுதுங்கள். எனக்கு அவசரம் இல்லை. காத்திருப்பது எனக்கு நன்றாக வரும்.

ரதி என் ஒரே தங்கை. முகுந்தன் அவளுக்குப் புருஷன் ஆவதற்கு முன்பே எனக்குக் கூட்டாளி. புக்கிட் பெலண்டோக் பக்கத்து எஸ்டேட்டில் அவன் வீடும் எங்கள் வீடும் ஒரே லயத்து வரிசையில் இருந்தன, நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். என் அப்பா போர்டிக்சன் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தார். அதில் மஞ்சள் சட்டை ஒருவன், பச்சைச் சட்டை ஒருவன், இரண்டு பேரும் சுட்டுக்கொண்டே காட்டைக் கடந்து போக வேண்டும். மஞ்சள் நான். பச்சை முகுந்தன்.

அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஒருவனுடைய உயிரெல்லாம் தீர்ந்துவிட்டால், ஒரு பொத்தானை அழுத்தி மற்றவன் கையிருப்பிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொள்ளலாம். பெட்டி யாரிடமும் அனுமதி கேட்காது. நாங்களாகத்தான் கேட்டு எடுப்பது என்று வைத்துக்கொண்டோம். "ஒண்ணு குடு மச்சான்" என்பான், கொடுப்பேன். கேட்காமல் அவன் எடுத்ததே இல்லை. நல்ல பையன். ஆட்டத்தின் முடிவை மட்டும் நாங்கள் பார்த்ததில்லை. கடைசிக் கட்டம் வரும்போது யாராவது ஒரு வீட்டில் கூப்பிட்டுவிடுவார்கள். பெரும்பாலும் ரதிதான் வந்து வாசலில் நின்று, அண்ணே, அம்மா கூப்பிடுது என்பாள்.

பிறகு எஸ்டேட் கைமாறியது, லயத்தை இடித்தார்கள். நான் சிரம்பான் பக்கம் பாரோயில் வீடு எடுத்து லோரி ஓட்டினேன். முகுந்தன் அதே பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஆனான், வீடும் கொடுத்தார்கள். ரதியைக் கேட்டு வந்தபோது, தெரிந்த பையன்தானே என்று நான்தான் பேசி முடித்தேன்.

அவன் அடிப்பான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்து பல வருஷம் ஆயிற்று. தீபாவளிக்குப் போனால் ரதி நீளக் கை வைத்த சட்டை போட்டிருப்பாள். ஒரு தடவை காது கிழிந்திருந்தது. தோடு மாட்டிக்கொண்டது என்றாள், நானும் சரி என்றேன். புருஷன் பெண்டாட்டிக்குள் நுழைந்து பேச எனக்கு வராது. ஆனால் யோசிக்காமல் இருக்கவில்லை. வார நாளில் வேலை அவனை இழுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமையில்தான் கைக்கு வேலை இல்லாமல் குடித்தான், குடித்தால் அடித்தான். அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுத்தால் என்ன? அப்படி நினைத்துத்தான் பெட்டி வாங்கினேன். இப்போதெல்லாம் பழைய ஆட்டங்களை உள்ளங்கை அளவுப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். எங்கள் ஆட்டமும் அதில் இருந்தது.

முகுந்தன் வீட்டு டிவியில் அந்தக் காடு வந்தபோது முகுந்தன் அழுதுவிட்டான். நானும் கொஞ்சம். எவ்வளவு காலம் கழித்து, மேடம். என் கண்ணுக்கு இப்போது கண்ணாடி வேண்டும், முதுகு பிடித்துக்கொள்கிறது. ஆனால் கட்டைவிரல் ஒன்றையும் மறக்கவில்லை. பாலம் உடைகிற இடம் வருவதற்கு முன்பே அது தானாக அழுத்தியது. அதற்குப் பிறகு லோரியில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதும் விரல் ஸ்டியரிங்கை அழுத்திக்கொண்டே இருக்கும். எதற்காகவும் நான் அப்படி ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் பலித்தது. ரதியே சொன்னாள், இந்த மாசம் பரவாயில்லண்ணே என்று. எங்களுக்கு வாழைப்பழத்தில் பிசாங் கோரெங் பொரித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு ஆட்டம் கடினமாகிற கட்டங்களுக்கு வந்தோம். முகுந்தனுக்குக் கை தளர்ந்துவிட்டது. செத்துக்கொண்டே இருந்தான். செத்தால், நிப்பாட்டி வை மச்சான் என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போவான்.

நான் பொத்தானை அழுத்துவேன். ஒரு தடவை அழுத்தினால் எல்லாம் அப்படியே நிற்கும், மறுபடி அழுத்தினால் ஓடும். நிறுத்தி வைத்தால் பாட்டும் நின்றுவிடும் என்பது ஒன்றுதான் குறை. அடுப்படியில் நடப்பது கேட்கும். நான் நகம் கிள்ளிக்கொண்டு இருப்பேன். அவன் வந்து, கையை அரைக்கால்சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் அழுத்துவேன். நான் நிறுத்தாமல் விட்டிருந்தால் அவனுடைய ஆள் குண்டு பட்டுச் செத்திருப்பான். செத்திருந்தால் இவன் மறுபடி எழுந்து உள்ளே போயிருப்பான். ஆகவே நிறுத்தி வைத்தது ரதிக்கு நல்லதுதான். இதைப் பொறுமையாக யோசித்தால் உங்களுக்கும் விளங்கும்.

அந்த ஞாயிறு மத்தியானம் நான் சீக்கிரமே போய்விட்டேன். முகுந்தன் குளித்துக்கொண்டிருந்தான். தேங்காய் உடைக்கிற பாராங் கத்தி மொட்டையாக இருக்கிறது என்று ரதி முன்பே சொல்லியிருந்தாள். வாசலில் உட்கார்ந்து அதைத் தீட்டினேன். அவள் வந்து பக்கத்தில் குந்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அண்ணே, இன்னிக்கு என்னை உங்கூட கூட்டிட்டுப் போயிடு. துணிப்பை அரிசி டின்னுக்குப் பின்னால இருக்கு. அவன் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள கிளம்பிடலாம்."

அன்று நாங்கள் கடைசிக் கட்டத்தை ஆட வேண்டிய நாள். போன வாரமே அதன் வாசல்வரை போயிருந்தோம்.

"போலாம் லா ரதி" என்றேன். "இந்த ஆட்டத்தை முடிச்சிட்டு, அப்படியே எழுந்து போயிடலாம். அவனும் சந்தோஷமா இருப்பான்."

அவள் எழுந்தாள். சரிண்ணே என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பாராங்கை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு நானும் போய் உட்கார்ந்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன், மேடம். என் லோரியின் பின்சீட்டைக்கூடக் காலி பண்ணி வைத்திருந்தேன்.

ஆட்டம் நன்றாகப் போனது. முகுந்தன் கேலி பண்ணிக்கொண்டே ஆடினான். கிழடு தட்டிருச்சா மச்சான், கண்ணாடியத் தொடைச்சிக்க என்றான். நான் மிச்சம் பிடித்துப் பிடித்து ஆடி, கையில் இருப்பது போக ஓர் உயிர் வைத்திருந்தேன். அவன் ஐஸ் எடுக்க எழுந்தான். நிறுத்தி வைத்தேன். அடுப்படியில் டின் உருளும் சத்தம் கேட்டது. பிறகு, எங்கடி கிளம்பிட்ட என்ற கேள்வி. அதற்கப்புறம் எப்போதும் கேட்கிற சத்தங்கள், கொஞ்சம் நீளமாக. கடைசியில் சிமெண்டுத் தொட்டி விளிம்பில் எதுவோ மோதியது, தேங்காய் விழுந்த மாதிரி.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. விரல் முட்டியில் ரத்தம் இருந்தது, பொத்தானிலும் ஒட்டியது. என் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தேன். போடு என்றான். அழுத்தினேன்.

அடுப்படித் திரைக்குக் கீழே ரதியின் பாதம் தெரிந்தது. அசைந்துகொண்டிருந்தது. அதனால் பயப்பட ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நிமிஷமே முகுந்தன் செத்தான். அவனிடம் உயிர் ஒன்றும் மிச்சம் இல்லை. என் கையிருப்பில் இருந்த அந்த ஒன்று டிவியின் மூலையிலிருந்து மறைந்தது. பச்சைச் சட்டை மறுபடி எழுந்து நின்றான். அவன் என்னைக் கேட்கவில்லை.

"கேட்டு எடுக்கணும்ல மாப்ள" என்றேன்.

"உன் வீட்டுப் பொண்ணையே உன்னக் கேட்டா அடிக்கிறேன்?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கண் டிவியில் இருந்தது.

அந்தக் கட்டத்தில் ஒரு பள்ளம் உண்டு. அதில் படுத்தால் குண்டு படாது. என் ஆளை அங்கே படுக்க வைத்துவிட்டு, பாராங்கை எடுத்தேன். முதல் வெட்டு தோளில் விழுந்தது. அவன் எழுந்திருக்கவில்லை, ஆச்சரியமாகத் திரும்பினான். இரண்டாவது கழுத்தில். தீட்டிய கத்தி, சிரமம் தரவில்லை. அவன் கை கன்ட்ரோலரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால் மணிக்கட்டிலும் வெட்ட வேண்டியிருந்தது. மற்றதை உங்கள் ஆட்கள் படம் எடுத்திருக்கிறார்கள். நான் எதையும் மறுக்கவில்லை. என் தங்கச்சியை அடித்தவனை வெட்டினேன். எந்த அண்ணனும் செய்வான் என்றுதான் லோக்கப்பில் இருந்தவர்களும் சொன்னார்கள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் அதைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. அதற்குப் பின்னால் நடந்ததைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

அதற்குப் பின்னால் நான் ஆட்டத்தை முடித்தேன். முகுந்தனின் ஆள் நின்ற இடத்திலேயே செத்துப்போனான். எனக்கு ஒரே உயிர். மூச்சுவிடாமல் ஆடினேன். ரதி, அண்ணே என்று கூப்பிட்டது கேட்டது. தோ வந்துட்டேன் என்று குரல் கொடுத்தேன். கொஞ்சம் கழித்து மறுபடி கூப்பிட்டாள், ரொம்பச் சின்னதாக, அந்தக் காலத்தில் லயத்து வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி. பிறகு கூப்பிடவில்லை. நான் ஆடட்டும் என்று விட்டுவிட்டாள் போல.

முடிவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. விடிகிறது, மஞ்சள் சட்டை கையைத் தூக்குகிறான், எழுத்துகள் மேலே போகின்றன. அதையும் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போனேன். திரைக்குக் கீழே பாதம் அசையவில்லை. அவளைத் தூக்கி லோரியின் பின்சீட்டில் படுக்க வைத்து, துணிப்பையைத் தலைக்கு வைத்து, போர்டிக்சன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். சொன்னபடி கூட்டிக்கொண்டு போனேன்.

கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். அந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்தியிருக்கலாமே என்றும் கேட்கிறீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் அது கூட ஆடுகிறவன் எழுந்து உள்ளே போனால் அழுத்துகிற பொத்தான். அந்நேரம் என்கூட ஆட யாரும் இல்லையே, மேடம்.