ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் வண்டி

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் சொந்த உழைப்பில் வாங்கிய மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தினால் எங்கள் தெரு அடைபட்டுப் போகும். அதனால் வண்டிப் பேச்சென்றால் என் காது தானாகத் திரும்பும். எளாவூர் பஸ் நிறுத்தத்தில் ஒருவர் பழைய வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்தபடி மனைவியிடம் சொன்னார்.

“ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு மட்டும் நல்லா ஓடுது. கம்பெனிக்குன்னா பிளக்கு கருத்துப்போய் நின்னுடுது. இன்னிக்கும் லேட்டானா உள்ள உடமாட்டாங்க.”

“உன்ன மாதிரிதான். வேலைன்னா அதுக்கும் வலிக்குது.”

அவருடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தன் வண்டியை ஓரம் கட்டினார்.

“இன்னா மச்சான், பிளக்குல ஆயில் ஏறுதா?”

“ஆயில்னா பிசுபிசுன்னு இருக்குமே. இது காஞ்ச கரி.”

“அப்போ பெட்ரோல் அதிகமா போவுது.”

“ஞாயித்துக்கெழம மட்டும் கம்மியா குடிக்குமா?”

எனக்கும் குழப்பம்தான். வண்டிக்காரர் பிளக்கை மாட்டி, கிக்கரை உதைத்தார். வண்டி கிளம்பியது. சோற்றுப் பையைக் கைப்பிடியில் தொங்கவிட்டார். உடனே சத்தம் அமுங்கி, கரும்புகை வந்தது.

“யோவ், பைய சோக்கு லிவர்ல மாட்டிக்கினு கீறியே! பை கனத்துல அது இழுத்துக்கினு பெட்ரோல கொட்டுது.”

நண்பர் லிவரைத் தள்ளிவிட, வண்டி சீரானது. மனைவி பின்னால் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டார். கணவர் திரும்பிக் கேட்டார்.

“தெனமும் அங்கதான மாட்றேன். அப்போ ஞாயித்துக்கெழம?”

“சர்ச்சுக்கு இன்னா சோறா கட்டித் தர்றேன்? ஓட்டுய்யா, கம்பெனி கேட்ட மூடிடப் போறாங்க.”