கூப்பிட்டதும் திரும்பிய பெண்

“உம்பொண்ணுக்கு மட்டும் குண்டு குடுத்துட்டாரு கோச்சு. எம்பொண்ணு ஒரு மாசமா வெறும் துப்பாக்கியப் புடிச்சினு நிக்கிது.”

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு அம்மாக்கள். இருவரின் பெண்களும் ஏர் ரைபிள் பழகுகிறார்களாம்.

“அன்னிக்கி கோச்சு எதிர்லயே நீதான்க்கா போட்டோ எடுக்க ரெண்டு பேரையும் பின்னாலேர்ந்து கூப்ட்ட. உம்பொண்ணு துப்பாக்கியோட அப்டியே உன் பக்கம் திரும்பிச்சு,” என்றாள் இளையவள்.

“உம்பொண்ணு இன்னா பண்ணிச்சு?”

“துப்பாக்கியக் கீழ வெச்சிட்டு அப்பறம் திரும்பிச்சு.”

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியது. மூத்தவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“எம்பொண்ணு கூப்ட்ட ஒடனே திரும்பும். அப்டி வளத்துகீறேன். உம்பொண்ணுக்குப் பெரியவங்க கூப்ட்டா எப்பவுமே அலட்சியந்தான்.”