ஞாயிற்றுக்கிழமைச் சொல்

– இல்லக்கா. பிரிக்ஃபீல்ட்ஸ்ல ரஷ்ய டிக்‌ஷனரி யாரு வாங்குவா?

– வெறும் டிக்‌ஷனரி இல்ல, நாகையா. ஒவ்வொரு சொல்லும் எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்றது. நீல அட்டை, ரெண்டு வால்யூம். பழைய புக்கு கடைதானே உன்னுது, நல்லா தேடுப்பா.

– ஷா ஆலம் பக்கம் பாத்தீங்களா?

– பாத்தாச்சு. அங்க கெடச்சது அர்த்தம் மட்டும் சொல்றது. பூச்சோங்ல ஒண்ணு, ஸ்கூல் பிள்ளைங்களுக்கு. ரெண்டையும் கொண்டுபோய் எங்க வீட்டுக்காரர் லியனார்ட் மடியில வச்சேன். மனுசன் திறந்துகூடப் பாக்கல. ‘இது சரிப்படாது ஜெரால்டின்’னுட்டார்.

– திறக்காமலயேவா?

– அறுபத்தெட்டு வயசுல உக்காந்து ரஷ்ய பாஷை படிச்சவரு. எங்க மகன் பிராண்டன் ரஷ்யாவுக்கு மெடிசின் படிக்கப் போனவன் அங்கேயே கல்யாணம் கட்டிக்கிட்டான்ல? பேத்தி சோஃபியாவுக்குத் தமிழும் வராது, இங்கிலீஷும் வராது. ஞாயித்துக்கிழமை ஃபோன்ல ஒரு சொல் குடுப்பா. அது பொறந்த கதைய அடுத்த வாரம் இவரு சொல்லணும். அதான் அவங்க வெளையாட்டு. இப்ப அவ ஃபோன் அடிச்சா இவரு எடுக்கறதே இல்ல. அடிச்சு அடிச்சு ஓயுது.

– புக்கு எப்பிடிக்கா தொலஞ்சிச்சு?

– பழைய பேப்பர் லோரி வந்துச்சு. அவரு நாக்காலி பக்கத்துல கெடந்த பேப்பர் கட்ட அப்படியே தூக்கிக் குடுத்துட்டேன். சாயந்தரம் அவருதான் சொன்னார், ‘புக்கும் அதோட போச்சு’ன்னு. ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தா தேவல லா.

– அந்த மாதிரி டிக்‌ஷனரி ஃபோன்லயே இருக்குமே.

– காட்டினேன், தள்ளி விட்டுட்டார். கார் சாவியக்கூடத் தொடறதில்ல, அவ்வளவு கோவம். கிள்ளான்லருந்து டிரேன்ல வரேன், முட்டி ரெண்டும் செத்துப்போச்சு. அந்தப் பிள்ள பேச்ச என் கையாலயே நிறுத்திட்டேனே, நாகையா.

– அழாதீங்கக்கா. உக்காருங்க... இந்தாங்க. இதானே?

– கர்த்தாவே, இதேதான்! லோரிக்காரன் உன்கிட்டயா வித்தான்?

– லோரிக்காரன் இல்லக்கா. லியனார்ட் அண்ணனே கிராப் டாக்சி புடிச்சு வந்து குடுத்துட்டுப் போனாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கினாரு. அவருக்குக் கண்ணு தெரியலக்கா.