விடு என்றால் விட வேண்டும்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆபீஸில் அறிவிப்புப் பலகைக்கு எழுதுவதெல்லாம் நான்தான். அதனால்தான் ஏட்டையா சிரமப்பட வேண்டாம், என் வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று இந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கினேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

ஞாயிற்றுக்கிழமை முண்டியம்பாக்கம் பக்கத்தில் கரும்பு டிராக்டரின் பின்னால் மோதி இறந்துபோன தேவநாதன் சார் எங்கள் ஆபீஸ் கண்காணிப்பாளர். நான் அங்கே அலுவலக உதவியாளன். பழைய பேச்சில் பியூன். அவர் கார் பிரேக்கை அன்று காலை யார் கழற்றி மாட்டியது என்று கேட்டீர்கள். சார்தான். பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டீர்கள். நான்தான்.

சாரைக் குறை சொல்ல மாட்டேன். ஊரில் ஒருவனையும் அவர் நம்ப மாட்டார், அவ்வளவுதான். பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று மாடு வாங்கக் கோலியனூர் வரைக்கும் போனவர், மாட்டுக்காரன் ஏமாற்றிவிடுவான் என்று வெறுங்கையோடு திரும்பி வந்தார். மெக்கானிக் முருகையன், "சார், முன்னாடி பிரேக் பேடு தேஞ்சிடுச்சி, டிஸ்க்கும் வரி வுழுந்துபோச்சி, ரெண்டுமே மாத்தணும்" என்று சொன்னார். அது உண்மை. மிதித்தால் கீச்சென்ற சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்கும். ஆனால் முருகையன் சொன்னதாலேயே சாருக்கு அது பொய்யாகிவிட்டது. வெள்ளைக்காரர் ஒருவர் தன் வீட்டு வாசலிலேயே எல்லாவற்றையும் மாற்றுகிற வீடியோவை மூன்று தரம் பார்த்தார். பேடும் டிஸ்க்கும் ஆன்லைனில் வரவழைத்தார். முருகையன் சொன்னதையேதான் செய்யப்போகிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், "மாசி, காலைல ஒம்போது மணிக்கு வூட்டுக்கு வந்துடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சார் வீட்டுக்குப் போவது எனக்குப் புதிதில்லை. சிலிண்டர் மாற்ற, நாயைக் குளிப்பாட்ட, மாடித் தொட்டி கழுவ. பதினோரு வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு ஞாயிறு. கோபமெல்லாம் இல்லை. ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த உத்தியோகத்துக்கு வருமுன் திண்டிவனத்தில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருஷம் நான் பார்த்தது பிரேக் வேலைதான். அப்பா சர்வீஸில் இருக்கும்போதே இறந்ததால் எனக்கு இந்த வேலை கிடைத்தது. சாருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் கேட்டதில்லை. சேர்ந்த புதிதில் ஒருநாள், "ஆபீஸ் ஜீப் பிரேக்குல காத்து கீது சார்" என்று வாயைத் திறந்தேன். மறுநாள் மெமோ வந்தது. கேட்கப்படாத விஷயத்தில் கருத்துத் தெரிவித்தமைக்கு விளக்கம் தருக. இனிமேல் கேட்டால் மட்டுமே சொல்வேன் என்று எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்ததை மீறுகிற பழக்கம் எனக்கு இல்லை.

பேடும் டிஸ்க்கும் சார் மாட்டியதில் ஒரே ஒரு தப்பு. புது டிஸ்க் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி அனுப்புவார்கள். அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பேடு பிடிக்காமல் வழுக்கும். சார் அப்படியே மாட்டினார். நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, "பிரேக் ஆயில் கருத்துப்போச்சி, அதையும் மாத்திடலாம்" என்றார்.

அதற்கு இரண்டு ஆள் வேண்டும் ஐயா. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் சக்கரத்தண்டை குந்திக்கொண்டு நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறப்பார். பழைய ஆயிலும் அதோடு காற்றும் டியூப் வழியாகப் பாட்டிலுக்கு வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் உள்ளே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் காற்று உள்ளே ஏறிக்கொள்ளும். காற்று ஏறினால் பெடல் சும்மா தரைக்கு இறங்கும், வண்டி நிற்காது. இதில் வேறு வித்தை எதுவும் இல்லை.

நான் உள்ளே உட்கார்ந்தேன். சார் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"அமுக்கு... புடிச்சிக்கோ... விடு."

விடு என்று சொன்ன பிறகுதான் அவர் ஸ்பேனரைத் திருப்பி மூடுகிற சத்தம் கேட்டது. முதல் இரண்டு தடவை என் கால் பெடலிலேயே நின்றுவிட்டது. ஒன்பது வருஷம் பழகிய கால், அந்தச் சத்தம் வராமல் எழுந்திருக்காது. சார் எழுந்து வந்து ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

"காது செவுடாடா? விடுன்னா விடணும். நீ யோசிச்சிக்கினு உக்காந்திருக்கக் கூடாது."

அதற்கப்புறம் நான் யோசிக்கவில்லை. விடு என்றால் விட்டேன். நாலு சக்கரத்துக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல், ஜல்தியாக விட்டுக்கொண்டே இருந்தேன். நடுநடுவே மேலே இருக்கிற டப்பாவில் ஆயில் குறையக் குறைய ஊற்றவும் வேண்டும், இல்லாவிட்டால் அந்த வழியாகவும் காற்று ஏறும். சார் ஒரு தடவைகூட ஊற்றவில்லை. வீடியோவில் அந்த இடம் வந்தபோது மூன்று தரமும் சாருக்குப் போன் வந்திருக்க வேண்டும்.

முடிந்ததும் தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். நடை வேகம்தான். மிதிமிதியென்று நாலு மிதி மிதித்ததில் நின்றது. "புது பேடு, செட்டாவ ரெண்டு நாளாவும்" என்று எனக்கு விளக்கினார். நான் தலையாட்டினேன்.

பிரபாவதி மேடம் தங்கமானவர்கள். அந்த வீட்டில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்ட ஒரே ஆள். அன்றைக்கும் கறிக்குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்துத்தான் போட்டார்கள். மறுநாள் திண்டிவனத்தில் அவர்கள் தங்கை வீட்டுப் புதுமனைப் புகுவிழா. நாலு மணிக்குக் கிளம்பினார்கள். சார் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது மேடம் வாசலுக்கு வந்தார்கள்.

"மாசிலாமணி, நெசமா சொல்லுப்பா. வண்டி நல்லாத்தான கீது? எனக்கு என்னமோ திக்குதிக்குன்னு இருக்குது."

கேட்டால் சொல்வேன் என்று எழுதிக் கொடுத்தவன் நான். இப்போது கேட்டுவிட்டார்கள். நானும் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். மேடம் என் மேலதிகாரி இல்லை. அவர்களிடம் சொன்னால் அது சாருக்குப் போகும், வீட்டம்மா முன்னால் சார் சிறுமைப்படுவார். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் சிண்டு முடிய நான் யார்?

"சாரே அவரு கையால செஞ்சது மேடம். தைரியமா போய்ட்டு வாங்க" என்றேன்.

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அவர்கள் முகம் தெளிந்தது. ஒருவரின் பயத்தைப் போக்கியதில் எனக்கும் நிம்மதிதான். உங்களிடம் மறைப்பானேன், சந்தோஷமாகவே இருந்தது. பதினோரு வருஷத்தில் அந்த வாசலில் நின்று என் வயிறு குளிர்ந்தது அன்றைக்குத்தான்.

மேடம் இப்போது முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. நேற்று ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேள, நீ வண்டில வரலப்பா, புள்ளகுட்டிக்காரன்" என்று அழுதார்கள். நானும் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

நீங்கள் சந்தேகப்படுவது உங்கள் கடமை. ஆனால் நிப்பிளைத் திறந்தது நான் இல்லை. ஓட்டிக்கொண்டு போனது நான் இல்லை. சொன்ன நேரத்தில் காலை எடுத்தேன், அதுதான் நான் செய்தது. வண்டி நிற்காது என்று தெரியுமா என்றால், தெரியும். எந்த இடத்தில் நிற்காது என்பதுதான் தெரியாது.

ஒரு தப்பு மட்டும் என் பேரில் இருக்கிறது. அதை மறைத்துக் கையெழுத்துப் போட மனம் ஒப்பவில்லை. கிளம்பும்போது சார் பின்கதவைத் திறந்து, "நீயும் ஏறிக்கோ மாசி, அங்க பாத்திரம் தூக்க ஆளில்ல" என்றார். நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பதினோரு வருஷத்தில் சார் சொல்லி நான் கேட்காமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். அந்தக் கீழ்ப்படியாமைக்கு என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் எனக்குச் சம்மதம்.