ராணி வீட்டு அக்கா

மிசின் தேத்தண்ணிக்கு இவ்வளவு சீனி கூடாது, பிள்ளை. பொலிஸ் ஐயாவிட்டைச் சொல்லு. பேந்து நான் சொல்லுறதை அப்பிடியே அவருக்கு இத்தாலியனிலை சொல்லு, கூட்டிக் குறைக்காதை. சிவானுஜாவோ உன்ரை பேர்? நல்ல பேர்.

நான் கனகேஸ்வரி. பகேரியா எண்ட ஊரிலை கிளறா ராணி வீட்டிலை வேலை. ராணி எண்டது பகிடி இல்லை. இஞ்சை சீசா எண்ட ஏழைச் சனத்தின்ரை பகுதியிலை சலூன் வைச்சிருக்கிற மனிசியின்ரை மகள்தான், தாயோடை நிண்டு தலை கழுவின பெட்டைதான். வடக்குப் பக்க நாடொண்டிலையிருந்து லீவுக்கு வந்த அரசர் ஒருத்தர் கண்டு கட்டிக்கொண்டு போனவர். முடி சூட்டினவை. பிறகு அந்த நாட்டுச் சனம் அரசாட்சி வேண்டாமெண்டு வாக்குப் போட, ரெண்டு பேரும் இஞ்சை வந்திட்டினம். சனம் வாக்குப் போட்டால் ராணி ராணியில்லாமல் போவாவே?

அதை அவவுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு. காலமை கோப்பி கொண்டு போய்க் குனிஞ்சு கும்பிட்டால், "விடு கனகா, முதுகு நோகும்" எண்டு சிரிப்பா. குசினிக்கை வந்து என்ரை புட்டைக் கையாலை குழைச்சுத் தின்னுவா. ஊரிலை எங்கடை வீட்டுக்கு வேலைக்கு வந்தவை வாசல் முத்தத்திலை இருந்துதான் சாப்பிட்டவை. எனக்குத் தெரிஞ்ச முறை அதுதான். இஞ்சை வேலைக்காரி நான். அப்ப முத்தம் என்ரை இடம், உள்வீடு அவவின்ரை இடம். வரம்பை மிதிச்சது அவதான்.

ஒருநாள் கோப்பை கழுவிக்கொண்டு நிண்டா. வேண்டாமெண்டன், கேக்கேல்லை. நான் பக்கத்திலை உடுப்பு அயன் பண்ணிக்கொண்டு நிண்டனான். அவவின்ரை கையைப் பிடிச்சு மேசையிலை வைச்சு, அயனை மேலை வைச்சு அழுத்தினன். கத்தினா. தோல் அயனோடை ஒட்டிக்கொண்டு வந்தது. கத்தாழை பூசி விட்டதும் நான்தான். ராணிமார் கையுறை போடவேணும். கை அப்பிடி இருந்தால் போடத்தானே வேணும்.

டொக்டரிட்டை, தவறித் தன்ரை கையைத் தானே சுட்டுக்கொண்டதெண்டு சொன்னா. என்ரை பெர்மெஸ்ஸோ, இஞ்சை இருக்கிறதுக்கான அனுமதி, போயிடுமெண்டு பயந்து சொன்னவவாம். எனக்கு அப்பிடித் தெரியேல்லை. நான் செய்தது சரியெண்டு அவவுக்கு விளங்கியிட்டுது, அவ்வளவுதான்.

போன வெள்ளி பின்னேரம் பெட்டியோடை குசினிக்கு வந்தா. அரசர் முன்னறையிலை ரீவியைச் சத்தமாய் விட்டிட்டு இருந்தவர், காது கேளாது.

"கனகா, நான் அவரை விட்டிட்டுப் போறன். இனி ராணியுமில்லை ஒண்டுமில்லை. அம்மாவோடை சலூனிலை நிக்கப்போறன். பேப்பர்காரருக்கும் சொல்லியிட்டன், நாளைக்கு வரும். நீயும் வா, என்ரை அக்கா மாதிரி இரு."

சொல்லிப்போட்டு என்னைக் கட்டிப்பிடிச்சா. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. சீசாப் பெண்டுகளின்ரை தலையை ராணி கழுவுறதோ? பேப்பர் நாளைக்குத்தானே வரும். அண்டைக்குச் செத்தால் ராணியாய்ச் சாகலாம்.

பெட்டியைப் பூட்டக் குனியேக்கை அயனாலை பிடரியிலை அடிச்சன். விழேல்லை, பலமான பிள்ளை. திரும்பிக் கையாலை மறைச்சா. விரலுகள் முறிஞ்ச சத்தம் கேட்டது. "கனகா, நான், கிளறா" எண்டா. அதுதான் அவ விட்ட பிழை. ராணி எண்டு சொல்லியிருந்தால் நிப்பாட்டியிருப்பன். பல்லு உடைஞ்சு நிலத்திலை சிந்தின பிறகும் அந்தப் பேரைத்தான் சொன்னா. அந்த வாய் ஓயுமட்டும் அடிச்சன்.

பிறகு முகத்தைக் கழுவி, தலை இழுத்துக் கட்டினன். கையுறை போடத்தான் நேரமெடுத்தது. முறிஞ்ச விரலுகளை ஒவ்வொண்டாய் நிமித்தி உள்ளுக்கை விட்டன். நல்ல வடிவாய் இருந்தவ. குனிஞ்சு கும்பிட்டிட்டு, அரசருக்குச் சூப் சூடாக்கிக் கொண்டு போய்க் குடுத்தன்.

எல்லாம் அவவின்ரை மரியாதைக்காகத்தான் செய்தனான். எனக்கு என்ன லாபம்? இஞ்சை எங்கடை சனத்தின்ரை கோயிலிலை "ராணி வீட்டு அக்கா வாறா" எண்டு முன்னுக்கு இடம் விடுவினம், முந்தி என்னை ஏறெடுத்தும் பாக்காத நிரோசினியின்ரை தாயும் எழும்பி நிப்பா. அதுக்காக ஆரும் கொலை செய்வினமே?

ஐயா என்ன எழுதுறார், பிள்ளை? வாசி பாப்பம். ஒரு வீட்டிலை கூட்டித் துடைக்கிறவ எண்டோ? அதை வெட்டச் சொல்லு. கொலையை நான் ஒத்துக்கொள்ளுறன். அதை ஒத்துக்கொள்ள மாட்டன்.