மேகம் இறங்காத மேடு

(மலைமேலுள்ள வளப்பூர் நாட்டு வாசகசாலையின் முதலாம் ஆண்டு விழாவில் முள்ளுக்குறிச்சி குழந்தைவேல் ஆற்றிய சொற்பொழிவு. சக்கரவர்த்தியின் வெள்ளிவிழாவுக்கு அடுத்த வருஷம், வைகாசி மாதம்.)

அவைக்கு அணியாகவும் ஊருக்கு அரணாகவும் வீற்றிருக்கும் தலைவரும், ஒரு சொல் பேசுவதற்குள் ஒரு கவுளி வெற்றிலையை மென்று முடிப்பவரும், அப்படிப் பேசிய ஒரு சொல்லை ஒருநாளும் மாற்றாதவரும், எனக்குப் பெண் கொடுத்த மாமனாருமான நாட்டுக்கவுண்டர் செங்கோடக் கவுண்டர் அவர்களே! எனக்கு முன்னே முழங்கி அமர்ந்திருக்கும் ராசிபுரம் புலவர் காளியண்ணன் அவர்களே! அவரை மறித்தும் மறுத்தும் பேசி, வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும் நண்பர் மாணிக்கம் அவர்களே! மிளகு காயவைத்த களத்தை எங்களுக்காகக் கூட்டிக் கொடுத்துவிட்டு, அதே களத்தில் அமர்ந்து கேட்கும் பெரியோர்களே! பலாச்சுளை உரித்த பிசுக்குக் கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களின் நடுவே, என்னைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருக்கும் என் மனைவி கண்ணாயி அவர்களே!

சிரிக்காதீர்கள். மனைவியை மேடையிலிருந்து மரியாதையாகக் கூப்பிட்டால் குற்றமா? வீட்டில் கூப்பிட எனக்கு வழியில்லை என்பதால்தானே மேடையில் கூப்பிடுகிறேன்! அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் எல்லோருக்கும் என் வணக்கம்.

இன்றைய வழக்கு எளிய வழக்கல்ல. உலகம் உயிருக்காக அமைந்ததா? உயிர்தான் உலகுக்கு ஏற்றபடி தன்னை அமைத்துக்கொண்டதா? புலவர் காளியண்ணன் என்ன சொன்னார்? கதிரவன் கொஞ்சம் கிட்டே வந்திருந்தால் கடலெல்லாம் கொதித்திருக்கும். கொஞ்சம் எட்டிப் போயிருந்தால் காடெல்லாம் விறைத்திருக்கும் என்றார். சேலத்துச் சோடாக் கடையில் ஐஸ் கட்டி தண்ணீரில் மிதப்பதைப் பார்த்தீர்களா என்று கேட்டார். மற்றப் பொருள்கள் உறைந்தால் மூழ்கும். தண்ணீர் மட்டும் உறைந்தால் மிதக்கும். அதனால்தான் குளிர்நாட்டு ஏரியில் மேலே ஐஸ் மூடினாலும் அடியில் மீன் பிழைக்கிறது என்றார். இத்தனை கணக்கும் இத்தனை கச்சிதமும் உயிருக்காக அல்லாமல் வேறு எதற்காக என்று கேட்டுவிட்டு, கைதட்டலையும் வாங்கிக்கொண்டு அமர்ந்தார்.

மாணிக்கம் விடுவாரா? உங்கள் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள் என்றார். நீங்களும் திருப்பிப் பார்த்தீர்கள்! மலைப்பாதைக் கல் உங்கள் பாதத்துக்காக வழுவழுப்பாக அமைந்ததா, நடந்து நடந்து உங்கள் பாதம் தடித்ததா என்று கேட்டார். குளிருக்கேற்ற மயிரும் கல்லுக்கேற்ற காலும் வளர்ந்த உயிர் பிழைத்தது, வளராத உயிர் ஒழிந்தது. ஒழிந்தவை இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை, அதனால்தான் எல்லாம் நமக்காகவே அமைந்ததுபோல் தோன்றுகிறது என்றார். அவருக்கும் கைதட்டினீர்கள். உங்கள் கைக்கும் நடுநிலை தெரிந்திருக்கிறது.

மூன்றாவதாக என்னை நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டையும் சீர்தூக்கித் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். பெரியோர்களே, தீர்ப்புச் சொல்ல அழைக்கப்பட்ட நான், சொந்த வழக்கொன்றை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நான் கீழ்நாட்டுக்காரன். முள்ளுக்குறிச்சிச் செம்மண்ணில் கடலைக்காய் போடுகிறவன். பலாப்பழம் விற்க அப்பாவோடு அடிவாரச் சந்தைக்கு வந்த கண்ணாயியைக் கண்டேன். அவளும் கண்டாள். இரண்டு ஊர்க்காரர்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பந்தியில் மட்டும் குறைவைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போன கல்யாணம் எங்கள் கல்யாணம். ஆமாம் சென்னம்மாக்கா, நீங்கள் மூன்று முறை பாயசம் வாங்கினது எனக்கு மறக்கவில்லை!

கீழே வந்தவளுக்கு ஆசையாக ஒரு துண்டு நிலம் ஒதுக்கிக் கொடுத்தேன். பிறந்த வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்துவந்த சாமை விதையை அங்கே விதைக்கப்போவதாகச் சொன்னாள். ஏர் ஓட்டினேன். மழை பெய்தது. ஊரெல்லாம் விதைத்தது. இவள் மட்டும் வரப்பில் நின்று வானத்தைப் பார்த்தபடியே இருந்தாள். "ஏம்புள்ள வெதைக்கல?" என்றேன். அவள் சொன்னாள்: "மேகம் இன்னும் எறங்கலீங்களே!"

உங்களுக்குப் புரிகிறது. நீங்கள் சிரிக்கவில்லை. ஆனைப்பாறையின் தலையை மேகம் மூடி, பாறையடிவரை இறங்கி, காட்டில் ஆள் முகம் ஆளுக்குத் தெரியாமல் போனால்தான் இந்த நாட்டில் சாமை விதைக்கக் கை தூக்குவீர்கள். அதுதான் உங்களுக்குப் பஞ்சாங்கம். முள்ளுக்குறிச்சியில் மேகம் தரைக்கு இறங்குமா? இறங்கவே இறங்காது! அவள் காத்திருந்தாள். ஆனி போயிற்று, ஆடி போயிற்று, அவள் காத்திருந்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். முந்தானை விதை முந்தானையிலேயே இருந்தது.

அடுத்த வருஷம் அவள் காத்திருக்கவில்லை. நாங்கள் விதைத்தபோது விதைத்தாள், நாங்கள் தின்றதைத் தின்றாள், எங்கள் பேச்சைக்கூடப் பேசினாள். மாணிக்கம் அவர்களே, உங்கள் கட்சிக்கு அவளைவிடச் சிறந்த சாட்சி உண்டா? எல்லாவற்றுக்கும் தன்னை ஏற்றபடி ஆக்கிக்கொண்டாள். ஆனால் வெயில் ஏற ஏற மெலிந்தாள். அந்தியானால் வாசலில் நின்று மலையைப் பார்ப்பாள். "என்ன கண்ணு பாக்கறே?" என்றால், "ஒண்ணுமில்லீங்க, சும்மா" என்பாள். அந்தச் சும்மாவை என்னால் தாங்க முடியவில்லை. அவளை அழைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

இங்கே அவள் முகம் தெளிந்தது. என் உடம்புதான் எரிந்தது! உங்கள் மலைக்காய்ச்சல் உங்களைத் தொட்டுவிட்டுப் போகிறது. என்னைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. கொயினா மாத்திரை தின்றேன், காது அடைத்தது. காய்ச்சல் மட்டும் காதில் வாங்கவில்லை. தூளி கட்டி என்னை இறக்கினார்கள். இறக்கியவர்களில் நாலு பேர் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். என் கனத்தைப் பற்றி இன்றும் குறைப்படுகிறார்கள். அன்றுமுதல் இந்த நாட்டு வழக்கம் எனக்கும் பொருந்தியது. மழை பிடிக்கும் முன் கீழ்நாட்டானைக் கீழே அனுப்பிவிட வேண்டும், மற்ற நாளிலும் அவன் வந்துபோகலாம், குடியிருக்கக் கூடாது. அவன் உயிர் இங்கே போனால் பழி நாட்டைச் சேரும். உங்கள் வழக்கத்தை நான் பழிக்கமாட்டேன். அன்பினால் ஆன வழக்கம் அது. ஆனால் அன்பினால் அடைத்தாலும் கதவு கதவுதானே?

அதன்பிறகு அவள் மேலே, நான் கீழே. சந்தைக்கு முதல்நாள் அந்தியில் அவள் மலை விளிம்புக்கு வந்து சருகு கூட்டித் தீ மூட்டுவாள். நான் என் களத்தில் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடிப்பேன். அவ்வளவுதான் எங்கள் குடும்பம். அவள் மூட்டிய தீ தெரிந்தால் அன்று சோறு இறங்கும். ஆனால் விதைப்புக் காலத்தில் என்ன ஆகும்? மேகம் இறங்கும்! அவள் அத்தனை ஆசையாய்க் காத்திருந்த மேகம், அவள் காட்டுக்கு உயிர்கொடுக்கும் மேகம், என் கண்ணிலிருந்து அவள் தீயை மறைத்துவிடும். புலவர் அவர்களே, பணிந்து கேட்கிறேன். உலகம் உயிருக்காகவே அமைந்தது என்றீர்களே, அந்த மேகம் எந்த உயிருக்காக அமைந்தது? அவளுக்காகவா? எனக்காகவா?

எல்லாம் நமக்காகவே அமைந்திருந்தால், நெஞ்சில் ஏக்கம் எதற்கு? எல்லாவற்றுக்கும் நாம் பொருந்திப்போயிருந்தால், அப்போதும் ஏக்கம் எதற்கு? ஆனைப்பாறை ஏங்குகிறதா? அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. விண்மீன் ஏங்குகிறதா? அது போகும் வழியில் போகிறது. இத்தனை பெரிய அண்டத்தில், இருக்கும் இடத்தில் இருந்துகொண்டே இல்லாத இடத்தை நினைத்து உருகுவது உயிர் ஒன்றுதான். கதிரவனின் தூரத்தைக் கணக்கிட்டுவிட்டார்கள். என் களத்துக்கும் அவள் தீக்கும் உள்ள தூரத்தை யார் கணக்கிடுவார்கள்? எனக்கு அவள் வேண்டும், பெரியோர்களே. சபை நாகரிகம் பார்த்துச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. என் மனைவியோடு ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் எனக்கு.

இப்போது என் வழக்கைச் சொல்கிறேன். அடிவாரத்திலிருந்து ஏறிவரும் பாதையில், பாதி மலையில், ஒரு வளைவு இருக்கிறது. அதை ஒட்டி என் மாமனாருக்குப் பாத்தியப்பட்ட மேடு ஒன்று கிடக்கிறது. ஆகாமேடு என்கிறீர்கள். சந்தை நாளில் நானும் கண்ணாயியும் அங்கேதான் பார்த்துக்கொள்கிறோம். கொண்டுவந்த கட்டுச்சோற்றை மாற்றித் தின்போம். அவள் என் கடலைச் சட்னியை நக்கிப் பார்த்துக் குறை சொல்வாள். வெயில் சாய்ந்ததும் அவள் மேலே திரும்புவாள், நான் கீழே திரும்புவேன். அந்த மேட்டில் என்னைக் காய்ச்சல் பிடித்ததில்லை. அவளை வெயில் வாட்டியதில்லை. அந்த மேட்டை எங்களுக்குக் கொடுங்கள் என்று இந்த அவையில் கேட்கிறேன்.

என்ன அங்கே சத்தம்? "அங்க ஒண்ணும் வெளையாதுங்க" என்கிறாரா அர்த்தனாரி? நீங்கள் சொல்வது மெய்! சோளத்துக்கு அங்கே சூடு போதாது. சாமைக்குக் குளிர் போதாது. பலா நட்டால் மரம் நிற்கும், காய் நிற்காது. மிளகுக்கொடி ஏறும், மணி பிடிக்காது. மேகமோ ஒரு வருஷம் அதுவரை இறங்கும், மறுவருஷம் எட்டியே பார்க்காது. யாருக்காகவும் அமையாத மேடு. எந்த உயிரும் இன்னும் தன்னைப் பொருத்திக்கொள்ளாத மேடு. அதனால்தான் அதைக் கேட்கிறேன்! புலவரின் கட்சியும் அங்கே செல்லாது, மாணிக்கத்தின் கட்சியும் இன்னும் அங்கே குடியேறவில்லை.

இதைக் கண்ணாயியிடம் போன சந்தையன்று சொன்னேன். மகிழ்ந்துபோவாள் என்று நினைத்தேன். அவள் மண்ணைக் கையில் அள்ளி உதிர்த்துப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "மேகம் வருமோ வராதோங்கற எடத்துல, எப்பன்னு வெதைக்கறதுங்க?" அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மேலே போய்விட்டாள். அந்த விடை தெரியாமல்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

தலைவர் ஏதோ சொல்ல வருகிறார். அமைதி, அமைதி! வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசுகிறார் என்றால் சாதாரணப் பேச்சாக இராது. சொல்லுங்கள் மாமா.

கேட்டீர்களா? எட்டாதவர்களுக்காகத் திருப்பிச் சொல்கிறேன். "மாப்பிள்ளை, மேட்டக் குடுக்கறது பெருசில்லீங்க. மேகம் எறங்கலீன்னா என்ன பண்ணுவீங்க?" என்கிறார். மகள் கேட்ட கேள்வியையே அப்பாவும் கேட்கிறார். ஒரே வீட்டுக் கேள்வி! அதோ, தாய்மார்கள் பக்கத்தில் யாரோ எழுந்திருக்கிறார்கள். வழி விடுங்கள். கண்ணாயிதான். பேசு கண்ணு. உன் அப்பாதானே, சத்தமாகச் சொல்.

"வெதச்சுப்போட்டுக் காத்திருப்பமுங்கப்பா."

காதில் விழுந்ததா, பெரியோர்களே? தாய்மார்களே, காதில் விழுந்ததா? மேகம் வந்தால்தான் விதைப்பேன் என்று ஆனியும் ஆடியும் வரப்பில் நின்றவள், விதைத்துவிட்டு மேகத்துக்குக் காத்திருப்பேன் என்கிறாள்! இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே இப்போதுதான் தெரியும்.

தீர்ப்புக் கேட்டீர்களே, இதுதான் தீர்ப்பு. உலகம் நமக்காக அமைந்ததா என்பது எனக்குத் தெரியாது. நாம் உலகுக்காக முழுதும் வளைந்துவிட்டோமா என்றால், இல்லை, வளையாத ஒன்று நெஞ்சுக்குள் நின்று ஏங்குகிறது. அந்த ஏக்கத்தோடு, ஆகாது என்று பெயர் வாங்கிய மண்ணில், வருமோ வராதோ என்ற மேகத்தின் கீழே, முந்தானை முடிச்சை அவிழ்த்து விதையை இறைக்கிறதே ஒரு கை, உயிர் என்பது அந்தக் கைதான் என்று நான் சொல்கிறேன்.

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த கவுளி வெற்றிலைக்கும் கை நீட்டிவிட்டார். அவசரமில்லை மாமா. நாங்கள் இரண்டு பேரும் இப்போது காத்திருக்கப் பழகியவர்கள்.

கடலைக்காய்க்காரனின் பேச்சைக் களத்து வெயிலில் கேட்டிருந்த உங்கள் பொறுமைக்கு நன்றி. மிளகை நனையாமல் அள்ளிவைத்துவிட்டு எங்களை அழைத்த வாசகசாலையாருக்கு நன்றி. என்னைத் தூளியில் சுமந்த தோள்களுக்கு, காலம் கடந்து, இன்று நன்றி. சந்தைக்கு இறங்கும் நாளில், ஆகாமேட்டு வளைவில் அடுப்புப் புகை தெரிந்தால், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். எல்லோருக்கும் என் வணக்கம்.