பொன்னிக்குப் புரியவைத்தது

ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று அடுத்தவருக்குச் சொல்வது எனக்கு டீயைவிடப் பிடிக்கும். நீங்களும் கேளுங்கள் ஐயா, எளிமையானதுதான்.

வேங்கிக்காலில் எங்கள் வருவாய்த்துறை அலுவலகத்தில் ஆறு கணினிகள் உண்டு. இணையம் என் மேசைக்கு மட்டும்; எல்லா விண்ணப்பமும் என் வழியாகத்தான் மேலே போகும். நீலக் கேபிள் ஒன்று வருகிறது. உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும். ஏன் முறுக்க வேண்டும்? அதைக் கேட்கத்தான் ஆளில்லை. இணையம் ஒழுங்காக இருந்தால் சான்று கேட்டு வருகிறவர்கள் இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஒருநாள் இணையம் தானாகவே நின்றது. காத்திருந்த ஒருவர் முக்கால் மணி நேரம் நான் சொன்னதைக் கேட்டார். அன்று பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். மறுநாளிலிருந்து கேபிளை நானே கழற்றினேன். நுனிக் கொக்கியை அமுக்கினால் போதும், டிக். 'சர்வர் டவுன்' என்றால் யாரும் சந்தேகப்படுவதில்லை. பக்கத்து இருக்கை அருணாதேவி மேடம், "இன்னைக்கும் புட்டுக்கிச்சா? அப்ப நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிடுவார்.

பொன்னி அடி அண்ணாமலைக்காரர். கணவர் புகழேந்திக்கு இதய அறுவை சிகிச்சை. காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். விண்ணப்பத்தை நான் மேலே அனுப்பினால் போதும். ஒரே ஒரு பொத்தான்.

"சார், அவருக்கு மூச்சு ஜாஸ்தியா வாங்குது. லேட் பண்ணாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"உக்காரும்மா. நெட்டுல ஒரு தகவல் துண்டு துண்டாப் பிரிஞ்சி, வேற வேற வழியில போயி, அங்க மறுபடி ஒண்ணா சேரும், தெரியுமா?"

"கிரிவலத்துல ஆளுக்கொரு பக்கம் தொலைஞ்சி, கோபுரத்தாண்ட கூடிக்கற மாதிரிங்களா?"

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினான்கு வருட வேலையில் இப்படி ஓர் உவமை யாரும் சொன்னதில்லை. நாளைக்கு வரச் சொன்னேன். அடுத்த நாளும். அவர் போனதும் கேபிளைச் செருகிவிடுவேன்; மற்றவர்கள் வேலை கெடக் கூடாதல்லவா. பதினொரு நாளில் கடலுக்கடியில் கிடக்கும் கேபிள் வரை வந்துவிட்டோம். ஒன்பதாம் நாள் அழுதார். பாடம் கடினமாகிவிட்டதோ என்று வேகத்தைக் குறைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் வரவில்லை. புகழேந்தி இறந்துவிட்டாராம்.

அடுத்த வாரம் வாரிசுச் சான்றுக்கு வந்தார். உடனே பதிந்து மேலே அனுப்பினேன். நான் கல்நெஞ்சன் இல்லை.

"இன்னைக்கு மட்டும் எப்டி சார் நெட் வந்துச்சி?" என்றார்.

எவ்வளவு நல்ல கேள்வி! கேபிளைக் கழற்றிக் காட்டினேன். திரும்பச் செருகிக் காட்டினேன். பதினொரு நாளும் இதைத்தான் செய்தேன் என்று எதையும் மறைக்காமல், பொறுமையாக விளக்கினேன்.

அவர் கேபிளையும் என்னையும் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. முழுதாகப் புரிந்துகொண்டவர்கள் அப்படித்தான்.